7 மணி நேரம் தூங்கியும் ஸ்டியரிங்கில் கண் அசருவது ஏன்?

சகோதரி, நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு 44 வயது. 19 வருடமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார், சொல்லும்படியான விபத்து எதுவும் கிடையாது. ஆனால் இந்த இரண்டு மாதத்தில் மட்டும் மூன்று முறை ஓட்டும்போது கண் அசந்திருக்கிறார். கடைசி முறை விடிகாலை நாலரை மணி, திண்டுக்கல் பைபாஸ். வேன் இடது பக்கத் தடுப்புக் கம்பியை உரசிக்கொண்டே போய் நின்றிருக்கிறது. உள்ளே 11 பேர், யாருக்கும் அடியில்லை. "குடிப்பழக்கம் இல்லை, ட்ரிப் இல்லாத நாளில் 7 மணி நேரம் தூங்குகிறார், அப்புறம் ஏன் இப்படி? டீக்குப் பதில் காபி கொடுத்து அனுப்பலாமா, வேறு மருந்து ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, ஆஸ்பத்திரிக்குப் போனால் லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம். கடைசி வரியில், இதற்கெல்லாம் சம்பந்தமில்லாதது போல, அவருடைய குறட்டை தாங்காமல் நீங்களும் பிள்ளைகளும் கூடத்தில் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். நான் நுரையீரல் மருத்துவன். 14 வருடமாக ஒரு ஸ்லீப் லேப், அதாவது தூக்கத்தைப் பரிசோதிக்கும் இடம், என் பொறுப்பில் நடக்கிறது. டிரைவர்கள் தாங்களாக என்னிடம் வருவது அபூர்வம். மனைவியோ முதலாளியோ கூடப் போகும் கிளீனரோதான் இழுத்து வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் சொல்வது, "எனக்கு ஒண்ணுமில்லைங்க, படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிடுவேன்" என்பதுதான். அது பொய்யில்லை. அப்படித்தான் அவர்கள் நம்புகிறார்கள். ஆனால் படுத்த அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவதே தூக்கம் பாக்கி நிற்கிறது என்பதற்கு அடையாளம். நீங்கள் டீயா காபியா என்று கேட்டிருந்தாலும், உண்மையில் கேட்டிருப்பது 7 மணி நேரம் தூங்குகிற மனிதருக்குத் தூக்கம் ஏன் தீரவில்லை என்பதை. நீங்கள் எழுதிய பத்து வரியை வைத்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்: ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்.

விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுப் பாதையை விறைப்பாகத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் உடம்பின் மற்ற தசைகளைப் போல இவையும் தளரும். பாதை இயல்பிலேயே குறுகலாக இருப்பவருக்கு, தளர்ந்த சதை காற்று போகும் வழியில் அதிரும். அதுதான் குறட்டை. இன்னும் தளர்ந்தால் வழி முழுக்க அடைத்துக்கொள்ளும். நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக முண்டும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். உடனே மூளை ஒரு சின்ன விழிப்பைக் கொடுத்துத் தொண்டையைத் திறக்க வைக்கும். பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. விழிப்பு சில விநாடிதான் என்பதால் காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அது ஒரு தடவை என்று கணக்கு. மூச்சு முழுதாக நிற்பதையும் பெருமளவு குறைவதையும் சேர்த்து எண்ணும்போது மணிக்கு 5 தடவைக்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மணிக்கு 40 என்று வைத்துக்கொண்டால் 7 மணி நேரத்தில் 280. ஒருவரை இரவு முழுக்க 280 தடவை தோளைத் தட்டி எழுப்பிவிட்டு, காலையில் கையில் வேன் சாவியைக் கொடுப்பது போலத்தான் இது. என் லேபில் மணிக்கு 60-ஐத் தாண்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். காலையில் "எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டால், "அருமையா தூங்கினேன் டாக்டர்" என்பார்கள்.

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் இது வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். எடை பெரிய காரணம்தான், அதிலும் கழுத்தில் சேரும் கொழுப்பு. ஆனால் ஆசியர்கள் பலருக்குத் தாடை எலும்பு சற்றுச் சிறியதாக, உள்வாங்கி இருக்கும். அதனால் மேலை நாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு இது வந்துவிடுகிறது. ஒல்லியான டிரைவர் என்றால் டாக்டர்கள்கூட இதை யோசிக்காமல் விட்டுவிடுவது உண்டு. கனடாவின் டொரான்டோவில் 2008-இல் உருவான ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விகளை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். பக்கத்து அறைக்குக் கேட்கும் குறட்டை, பகலில் களைப்பு அல்லது தூக்கம், மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், உடல் பருமன், 50 வயதைத் தாண்டியிருப்பது, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆணாக இருப்பது. மூன்றுக்கு ஆமாம் என்றால் கவனிக்க வேண்டும், ஐந்து வந்தால் வாய்ப்பு மிக அதிகம். நீங்கள் எழுதியதை வைத்தே மூன்று தேறிவிட்டது. மீதியைத் தையல்காரர் டேப்பும் ஒரு பி.பி. பரிசோதனையும் சொல்லிவிடும். எழுந்ததும் தலைவலி, வாய் உலர்ந்து போவது, இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவது, முன்பு இல்லாத எரிச்சல் இவையும் உண்டா என்று கவனியுங்கள். சர்க்கரை இருக்கிறதோ என்று சோதித்துப் பார்த்து, இல்லை என்றதும் அதோடு விட்டுவிட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இதற்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டு என்பதில் இன்று மருத்துவ உலகில் சந்தேகம் இல்லை. எவ்வளவு என்பதில்தான் எண்கள் வேறுபடுகின்றன. ஸ்பெயினில் புர்கோஸ், சான்டான்டர் நகரங்களில் விபத்தில் சிக்கி அவசரப் பிரிவுக்கு வந்த 102 ஓட்டுநர்களையும், விபத்தில்லாத 152 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 1999-இல் வெளியானது. மணிக்கு 10 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு தடைப்படுபவர்களுக்கு விபத்து வாய்ப்பு 6 மடங்குக்கு மேல் என்றது அது. அப்புறம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று வந்தது. அந்தத் தொகுப்பைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். முதல் ஆய்வு சிறியது, சிறிய ஆய்வுகளில் எண்கள் ஏறி இறங்கும். இரண்டரை மடங்கு என்பதே ஒரு வேனில் ஏறும் 11 பேருக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் நோய் இருக்கும் எல்லோரும் விபத்து செய்வதில்லை. மணிக்கு 50 தடவை மூச்சு நிற்கும் சிலர் பகலில் துளிச் சோர்வும் இல்லாமல் இருக்கிறார்கள். 12 தடவை நிற்கும் ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறார். பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து, இவர் மோதுவார், இவர் மோதமாட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பகல் தூக்கம் அதிகமாக உள்ளவர் அண்மையில் தூக்கத்தால் விபத்து செய்திருந்தாலோ மயிரிழையில் தப்பியிருந்தாலோ அவரை ஆபத்து மிகுந்த ஓட்டுநராகக் கொள்ளச் சொல்கிறது. தடுப்புக் கம்பியை உரசிய அந்த விடிகாலை உங்கள் வீட்டுக்காரரை அந்த வரிசையில் சேர்த்துவிட்டது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இந்த வாரத்திலேயே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

"19 வருடம் ஒன்றும் ஆகவில்லையே, இப்போது மட்டும் ஏன்?" என்பதற்கு நியூயார்க்கில் நடந்த ஒரு ரயில் விபத்து நல்ல பதில். 2013 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு மேல், மெட்ரோ-நார்த் ரயில் ஒன்று ஸ்பைட்டன் டைவில் என்ற இடத்தில் தடம் புரண்டு 4 பேர் இறந்தார்கள். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டரில் போயிருந்தது. ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, செல்போனில் பேசவில்லை, அனுபவம் உள்ளவர். விபத்துக்குப் பிறகு பரிசோதித்தபோதுதான் அவருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருப்பது தெரிந்தது. அதுவரை யாரும் சோதித்ததில்லை. இரண்டு வாரம் முன்புதான் அவருடைய வேலை நேரம் மாலையிலிருந்து விடிகாலைக்கு மாறியிருந்தது. நோய் பல வருடம் உள்ளே இருக்கும், உடம்பு எப்படியோ சமாளித்துக்கொண்டு போகும். மேலே வேலை நேர மாற்றமோ, ஐந்தாறு கிலோ எடையோ, தொடர்ந்து இரண்டு ராத்திரி ட்ரிப்போ சேரும்போது அந்தச் சமாளிப்பு உடைகிறது. இந்த இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டில் எது மாறியது என்று யோசித்துப் பாருங்கள். சீசன் ஆரம்பித்ததா, ராத்திரி ட்ரிப் கூடியதா, எடை ஏறியதா?

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். கண் அசருவது மன உறுதி இல்லாததால் வருவதில்லை, அஜாக்கிரதையும் அல்ல. தூக்கம் பாக்கி இருக்கும் மூளை, கண் திறந்திருக்கும்போதே சில விநாடி அணைந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு வண்டி 22 மீட்டர் போகும். 4 விநாடி அணைந்தால் ஏறக்குறைய 90 மீட்டர் யாரும் ஓட்டாமலே போயிருக்கிறது. அந்த 90 மீட்டர் அவருக்கு ஞாபகமே இருக்காது, அதனால் "நான் தூங்கவேயில்லை" என்று சத்தியம் செய்வார். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாதது, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவது, வெள்ளைக் கோட்டை டயர் தொடுவது, தலை ஒரு வெட்டு வெட்டி நிமிர்வது ஆகியவை அசதிக்கு முன்னறிவிப்பு அல்ல, ஏற்கெனவே தூங்கி எழுந்ததன் சாட்சி. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் காட்டியதை என் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரத்தில் 0.10. நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம். ஊதிப் பார்க்கும் கருவியில் சுத்தமாகத் தேறிவிடும் டிரைவர், குடித்தவரைவிட மோசமான நிலையில் இருக்கலாம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 17,884 பேர் தமிழ்நாட்டில். மத்திய அரசின் அந்த அறிக்கை அதிவேகம், எதிர்த்திசையில் ஓட்டியது, குடிபோதை, செல்போன், சிக்னலை மீறியது என்று காரணங்களைப் பிரிக்கிறது. தூக்கத்துக்கு அந்த அட்டவணையில் தனி வரி இல்லை. போலீஸ் முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்று எழுதப்படுகிறது, கணக்கில் அதிவேகமாகப் போய்ச் சேருகிறது. விடிகாலையில் நின்ற லாரியின் பின்னால் கார் புகுந்திருக்கும். ரோட்டில் பிரேக் பிடித்த டயர் தடம் இருக்காது. பிரேக்கே பிடிக்காமல் ஒரு மனிதன் நேராகப் போய் மோதுவதற்கு வேகம் மட்டும் காரணமாக முடியுமா? எண்ணப்படாத காரணத்துக்கு யாரும் மருந்து தேட மாட்டார்கள். எண்ணிக்கை இல்லாததால், இத்தனை சதவீதம் தூக்கத்தால் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எந்த எண்ணையும் நான் எடுத்துச் சொல்வதில்லை.

சரி, டீ காபிக்கு வருகிறேன். கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது, மிளகாய் கடிப்பது, கண்ணுக்குக் கீழே தைலம் தடவுவது எல்லாவற்றையும் டிரைவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். குளிர்ந்த காற்றும் ரேடியோவும் எவ்வளவு தாங்கும் என்று இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் சோதித்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு லேசான பலன், அவ்வளவுதான். அதே ஆய்வாளர்கள் உண்மையில் வேலை செய்யும் ஒன்றைக் கண்டார்கள்: சுமார் 150 மில்லிகிராம் காபின், அதாவது இரண்டு கப் நல்ல காபி, குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் படுப்பது. காபின் மூளைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் குட்டித் தூக்கம் போட்டால் இரண்டின் பலனும் ஒன்றாகக் கிடைக்கும். டீக்கடையில் தரும் சின்ன கிளாஸ் டீயில் இருக்கும் காபின் இதில் ஒரு சிறு பங்குதான். டீ குடித்ததும் வண்டியை எடுத்துவிட்டால் தெம்பு வந்துவிட்டதாகத் தோன்றுவது நின்று, நடந்து, நாலு வார்த்தை பேசியதால் வந்தது, அது பத்து இருபது நிமிடத்தில் போய்விடும். விடிகாலையில் வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லி டீ கொடுத்து அனுப்பும் போலீஸாரை நான் மதிக்கிறேன். கூடவே கால் மணி நேரம் படுக்கவும் சொன்னால் இன்னும் பலன் இருக்கும். படுப்பது டோல்கேட்டிலோ பெட்ரோல் பங்கிலோ இருக்கட்டும், பைபாஸ் ஓரத்தில் வேண்டவே வேண்டாம். எழுந்ததும் பத்து நிமிடம் நடந்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டும், ஏனென்றால் எழுந்த புதிதில் மூளை மந்தமாகத்தான் இருக்கும். ஆனால் மூச்சு அடைபடும் ஒருவருக்கு இதெல்லாம் அன்றைய ஆபத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கும். அந்தக் குட்டித் தூக்கத்திலும் அவருக்கு மூச்சு அடைபடும் என்பதை மறக்கக் கூடாது.

ஸ்லீப் ஆப்னியா தவிர வேறு காரணமும் இருக்கலாம். எளிமையானது வெறும் தூக்கக் குறைவு: "ட்ரிப் இல்லாத நாளில் 7 மணி" என்கிறீர்களே, ட்ரிப் உள்ள நாளில் எத்தனை? வாரத்தில் நான்கு நாள் 4 மணி நேரம் தூங்கினால் மற்ற நாளின் 7 மணி அதை ஈடுகட்டாது. உடம்பின் கடிகாரம் நள்ளிரவு 2 மணி முதல் 6 வரையும் மதியம் 2 முதல் 4 வரையும் எல்லோரையும் தூக்கத்துக்கு இழுக்கும். உங்கள் சம்பவம் அந்த நாலரை மணியில்தான் நடந்திருக்கிறது. அடுத்து மாத்திரைகள். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் அவில், செட்ரிசின் போன்றவை தூக்கம் கொண்டுவரும், அவற்றைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது. தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கால்களில் ஒரு நமநமப்பு வந்து தூங்கவிடாமல் செய்யும் நோய் இவற்றையும் டாக்டர் பார்ப்பார். நார்கோலெப்ஸி என்ற அரிய நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் அடித்துப் போடும், வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் துவண்டுவிடும். 44 வயதில், இவ்வளவு குறட்டையோடு, அதற்கு வாய்ப்பு குறைவு என்பதே என் கணிப்பு.

பரிசோதனை பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. ஓர் இரவு லேபில் தங்க வேண்டும். தலை, முகம், நெஞ்சு, விரல், கால் என்று ஒயர்களை ஒட்டுவோம், ஊசி கிடையாது. குறட்டையும் பகல் தூக்கமும் இப்படித் தெளிவாக உள்ளவருக்கு, வீட்டிலேயே கட்டிக்கொண்டு தூங்கும் சிறிய கருவியும் பல நேரம் போதும். அதில் ஒன்றும் இல்லை என்று வந்து சந்தேகம் தீராவிட்டால் மட்டும் லேபுக்கு வரச் சொல்வோம். நோய் உறுதியானால் முதல் சிகிச்சை சிபாப் மெஷின். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உலகுக்குக் காட்டியது. மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் அந்தக் காற்றே தொண்டையைத் திறந்து பிடித்துக்கொள்ளும். மாத்திரை இல்லை, பழகிப்போகும் போதை இல்லை. விலை சில பத்தாயிரம் ரூபாய், அது உங்களுக்குப் பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். முதல் இரண்டு வாரம் மாஸ்க் உறுத்தும், மூக்கு உலரும், பாதி ராத்திரியில் கழற்றி எறிவார். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாஸ்க்கின் அளவை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும், அதற்காகத் திரும்ப வரத் தயங்க வேண்டாம். எடையைக் குறைப்பது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, லேசான நோய்க்குத் தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி, சிலருக்கு அறுவை சிகிச்சை என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு, நோய் கடுமையாக இருந்தால், நான் முதலில் சொல்வது மெஷின்தான். சீக்கிரம் பலன் தருவது அது. ஒழுங்காக மாட்டித் தூங்கினால் சில நாளிலேயே, ஒரு வாரத்துக்குள்ளேயே, ஓட்டும் திறன் முன்னேறுவதை ஓட்டுநர் சிமுலேட்டரில் அளந்திருக்கிறார்கள்.

விபத்தும் குறைகிறதா? குறைகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு பெரிய லாரி நிறுவனம் நோய் கண்ட தன் டிரைவர்களுக்கு மெஷினைக் கொடுத்துப் பயன்பாட்டைக் கண்காணித்தது. மெஷினைத் தொடவே தொடாதவர்களின் கடுமையான, தவிர்த்திருக்கக் கூடிய விபத்து விகிதம், நோயில்லாதவர்களைப் போல 5 மடங்கு. ஒழுங்காகப் போட்டவர்கள் நோயில்லாதவர்களோடு ஏறக்குறைய சமம். ஒரு விஷயத்தை இதில் சேர்த்துச் சொல்வது நியாயம்: மெஷினை ஒழுங்காகப் போடுகிறவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்கானவராக இருக்கலாம், அதனால் முழுப் பெருமையும் மெஷினுக்கே என்று சொல்லிவிட முடியாது. அதைக் கழித்துப் பார்த்தாலும் சிகிச்சையின் பக்கம்தான் தட்டு தாழ்கிறது.

இனி உங்கள் லைசென்ஸ் பயம். லைசென்ஸுக்காக நாம் கையெழுத்துப் போடும் படிவம் 1-இல் வலிப்பு, திடீர் மயக்கம், பார்வை என்றெல்லாம் கேட்கிறார்கள். குறட்டை, பகல் தூக்கம் பற்றித் தனிக் கேள்வி இல்லை. ஸ்லீப் லேபில் பரிசோதித்தால் அந்த அறிக்கை தானாக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும் ஏற்பாடும் இங்கே இல்லை. பிரிட்டனில் அப்படியில்லை: பகல் தூக்கத்தோடு நடுத்தர அல்லது கடுமையான நோய் இருந்தால் ஓட்டுவதை நிறுத்தி, லைசென்ஸ் துறைக்குச் சொல்ல வேண்டும். சிகிச்சையில் நோய் கட்டுப்பட்டதும் திரும்ப ஓட்டலாம். ஐரோப்பிய ஒன்றியமும் 2014-இல் இதைத் தன் விதியில் சேர்த்தது. அமெரிக்காவில் லாரி, ரயில் ஓட்டுநர்களைப் பரிசோதிக்கும் விதிக்கு 2016-இல் முயன்று, 2017-இல் கைவிட்டார்கள். நம் நாட்டிலும் விதி வர வேண்டும் என்பது என் ஆசை, ஆனால் சிகிச்சை எடுத்தவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியோடு வர வேண்டும். இல்லாவிட்டால் நோயை மறைப்பவர்கள்தான் கூடுவார்கள். உங்கள் வீட்டுக்காரரின் லைசென்ஸுக்கு ஆபத்து பரிசோதனையால் வராது, அடுத்த விபத்தால்தான் வரும். 2001-இல் இங்கிலாந்தின் செல்பி அருகே, இரவு முழுக்கத் தூங்காமல் ஓட்டிய ஒருவரின் வண்டி சாலையை விட்டிறங்கி ரயில் பாதையில் விழுந்து, ரயில்கள் மோதி 10 பேர் இறந்தார்கள். தான் தூங்கவில்லை என்று அவர் கடைசிவரை சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை, 5 வருடச் சிறை விதித்தது.

ஆகவே இப்போதைக்கு, பரிசோதனை முடியும்வரை அவர் ராத்திரி ஓட்டக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன். பகல் ட்ரிப்புகூடப் பக்கத்தில் பேச்சுக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும், அதுவும் குறுகிய தூரம், மதியம் 2 மணிக்கு முன்னால் முடியும்படி. கண் கொஞ்சம் சொக்கினாலும் அன்றைக்கு அதோடு சரி. வண்டி முதலாளி முறைத்தால், 2025 நவம்பர்வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் நடுவில் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்ததைச் சொல்லுங்கள். சம்பளமும் பேட்டாவும் குறையும், தெரிகிறது. சிகிச்சை ஒத்துக்கொண்டால் அந்தக் குறைவு ஒன்றிரண்டு மாதத்தோடு நின்றுவிடும் என்பதைத்தான் நான் பார்த்த டிரைவர்களை வைத்துச் சொல்ல முடியும். என்னிடம் வரும் டிரைவர்களில் சிகிச்சையை ஒழுங்காக எடுத்த பலர் இன்றும் வண்டியில்தான் இருக்கிறார்கள். ஒருவர் மெஷினை லாரி கேபினில் இன்வெர்ட்டர் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

டாக்டரிடம் போகும்போது பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் என்ற எட்டுக் கேள்வித் தாளைக் கொடுப்பார்கள், மொத்தம் 24 மதிப்பெண், 10-க்கு மேல் வந்தால் அதிகம். டிரைவர்கள் அதில் பெரும்பாலும் 3, 4 என்று போட்டுக் கொடுப்பார்கள், வேலை போய்விடும் என்ற பயத்தில். அதனால் அதே தாளை நீங்களும் தனியாக நிரப்பிக் கொடுங்கள். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். அவர் போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும், இரண்டு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தார், எழுந்தார் என்று குறித்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு வேளாங்கண்ணி ட்ரிப் ஒத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இன்றே ஓர் ஆக்டிங் டிரைவரைப் பேசி அனுப்பச் சொல்லுங்கள். அவர் அன்றைக்கு வீட்டிலேயே படுக்கட்டும். நீங்கள் விடிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அவர் முகமும் நெஞ்சும் தெரியும்படி செல்போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். குறட்டை நின்று அமைதியாகும் இடத்தில் கேமராவை அணைத்துவிடாதீர்கள். நாங்கள் பார்க்க வேண்டியது அந்த அமைதியைத்தான்.